குடல்வாய் அறுவையும் நன்மை தரும் நுண்ணுயிர்களும்: கம்பம் பள்ளத்தாக்கின் நீராகாரம் வரை

குடல்வாய் அறுவை என்பது குடலின் ஒரு முனையை வயிற்றுத் தோலின் வழியே வெளியே கொண்டுவந்து, மலம் வெளியேற மாற்று வழி அமைக்கும் அறுவை சிகிச்சை ஆகும். அவ்வாறு அமைக்கப்படும் திறப்பு மருத்துவ வழக்கில் ஸ்டோமா எனப்படுகிறது. பெருங்குடலில் அமைத்தால் கொலோஸ்டமி என்றும், சிறுகுடலின் கடைப்பகுதியாகிய இலியத்தில் அமைத்தால் இலியோஸ்டமி என்றும் பெயர். மக்கள் பேச்சில் இரண்டும் ஒன்றே: "வயித்துல பை வச்சிருக்காங்க". மலக்குடல் புற்றுநோய், குடலில் ஓட்டை விழுதல், விபத்துக் காயம், குடல் காசநோய், நாட்பட்ட குடல் அழற்சி, பிறவியிலேயே ஆசனவாய் இல்லாமை எனப் பல காரணங்களால் இந்த அறுவை செய்யப்படுகிறது. சிலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும்.

தேனி மாவட்டத்தில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைவதற்கு முன், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பகுதி மக்கள் பெரிய வயிற்று அறுவைக்குத் தேனியையும் தாண்டி ஏறக்குறைய 75 கி.மீ. பயணம் செய்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கே செல்ல வேண்டியிருந்தது. எங்கே அறுவை நடந்தாலும், பையுடன் வீடு திரும்புபவர் கேட்கும் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதே. நீராகாரம் குடிக்கலாமா? தயிர் ஆகுமா? கடையில் விற்கும் புரோபயாட்டிக் பானமோ மாத்திரையோ வாங்க வேண்டுமா? இக்கேள்விகளுக்குப் பின்னால் நூற்றாண்டைக் கடந்த ஒரு வரலாறு இருக்கிறது. "நல்ல கிருமி குடலுக்கு நல்லது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாது. உடலில் மீதமிருக்கும் குடல் எது என்று கேட்க வேண்டும் என்பதை அந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

தொடக்க கால அறுவைகள்

குடலை வெளியே திறந்துவிடலாம் என்ற எண்ணத்தை 1710 இல் பிரெஞ்சு மருத்துவர் லிட்ரே வெளியிட்டார். ஆசனவாய் இல்லாமல் பிறந்து இறந்த குழந்தை ஒன்றின் உடலை ஆய்ந்தபோது அவருக்கு அது தோன்றியது. 1776 இல் ரூவான் நகரில் பிலோர் என்ற அறுவை மருத்துவர், மலக்குடல் அடைபட்ட ஒரு மது வணிகருக்கு அதைச் செய்து பார்த்தார். அறுவை வேலை செய்தது. ஆனால் அடைப்பை உடைப்பதற்காக முன்பே புகட்டப்பட்டிருந்த பாதரசம் சிறுகுடலில் தங்கிக் கேடு செய்ததால் நோயாளி 28 ஆம் நாள் இறந்தார். 1793 இல் பிரெஸ்ட் நகரில் துயூரே, ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தைக்குக் கொலோஸ்டமி செய்தார். அக்குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது. கிருமிநாசினியும் மயக்க மருந்தும் இல்லாத காலத்தில் இது வியப்புக்குரியதே.

மெச்னிகாவும் லேனும்

நன்மை தரும் நுண்ணுயிர்களைப் பற்றிய நவீனச் சிந்தனை பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் தோன்றியது. அங்கு பணியாற்றிய ரஷ்ய அறிவியலாளர் எலி மெச்னிகாவ், வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்து 1908 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பெருங்குடலில் வாழும் அழுகல் கிருமிகள் நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சே மனிதனை மூப்படையச் செய்கிறது என்று அவர் கருதினார். பல்கேரிய உழவர்கள் புளித்த பாலை உண்டு நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்ற செய்தி அவரைக் கவர்ந்தது. ஸ்டாமென் கிரிகோரவ் என்ற பல்கேரிய மாணவர் 1905 இல் அந்நாட்டுத் தயிரிலிருந்து ஒரு லாக்டோபேசில்லசைப் பிரித்தெடுத்திருந்தார். தயிர்க் கிருமி உண்டாக்கும் அமிலம் அழுகல் கிருமிகளை அடக்கும் என்று மெச்னிகாவ் எழுதினார். தாமும் நாள்தோறும் புளித்த பால் குடித்து வந்தார். 1916 இல் 71 வயதில் காலமானார்.

இதன் மறுபக்கம் பாடநூல்களில் அதிகம் வருவதில்லை. மெச்னிகாவின் கணிப்பில் பெருங்குடலே மனிதனுக்குத் தேவையற்ற ஓர் உறுப்பு. முன்னோரிடமிருந்து வந்த மிச்சம் என்றும், இல்லாவிட்டால் நல்லது என்றும் அவர் நினைத்தார். அவர் தயிரோடு நின்றார். லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வில்லியம் ஆர்பத்நாட் லேன் கத்தியை எடுத்தார். நாட்பட்ட மலச்சிக்கலால் உடலில் நஞ்சேறுகிறது என்று நம்பிய லேன், சிறுகுடலின் முனையைப் பெருங்குடலின் கடைப்பகுதியோடு நேரே இணைத்தார். பலருக்குப் பெருங்குடலையே வெட்டி நீக்கினார். சோர்வு, மனத்தளர்ச்சி, மூட்டுவலி என எத்தனையோ குறைகளுக்கு இதுவே தீர்வு என்றார். 1913 இல் லண்டன் ராயல் மருத்துவச் சங்கத்தில் இதுபற்றி நீண்ட விவாதம் நடந்தது. நஞ்சேற்றக் கொள்கைக்குப் போதிய சான்று இல்லை என்ற கருத்து மெல்ல வலுப்பெற்றது. லேனே பிற்காலத்தில் அறுவையை விட்டு விலகி, 1925 இல் புதிய நலவாழ்வுச் சங்கத்தைத் தொடங்கி, முழுத்தானியமும் காய்கனியும் உண்ணுமாறு மக்களுக்கு எடுத்துச் சொன்னார்.

ஆக, தயிர்க் கிருமியைக் குடலுக்கு மருந்தாகச் சொன்ன அதே கொள்கையே நோயற்ற பெருங்குடல்களை வெட்டி எறியவும் துணைபோனது. குடல் கிருமிகள் அனைத்தும் பகைவர் என்ற எண்ணமே தவறின் வேர்.

தயிர்க் கிருமியைப் பற்றிய நம்பிக்கையும் அடிவாங்கியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரெட்கரும் அவருடைய மாணவர்களும் 1920களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளில், பல்கேரியத் தயிர்க் கிருமி மனிதக் குடலில் குடியேறுவதில்லை என்று தெரிந்தது. ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930 இல் வயிற்று அமிலத்தையும் பித்தத்தையும் தாங்கும் ஒரு வகையைத் தேர்ந்து வளர்த்தார். அதுவே 1935 முதல் யாகுல்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2008 இல் இந்தியச் சந்தைக்கும் வந்தது.

பையும் பிசினும்

இலியோஸ்டமி நீண்ட காலம் அஞ்சப்பட்ட அறுவையாகவே இருந்தது. சிறுகுடலிலிருந்து வரும் நீர்மத்தில் செரிமான நொதிகள் இருப்பதால் அது தோலை அரித்துப் புண்ணாக்கும். 1952 இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிரையன் புரூக், குடலின் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் எளிய முறையை வெளியிட்டார். மொட்டுப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனையிலிருந்து நீர்மம் தோலில் படாமல் நேரே பைக்குள் விழும். இன்றும் அதே முறைதான். 1954 இல் டென்மார்க்குச் செவிலியர் எலிசு சோரன்சன், குடல்வாய் அறுவைக்குப் பின் வெளியே செல்லவே அஞ்சிய தம் தங்கைக்காக, ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பை ஒன்றை வடிவமைத்தார்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல், தோலைக் காக்கக் கராயா பிசினைப் பயன்படுத்தலாம் என்று கண்டார். அந்தப் பிசின் இந்தியாவின் வறண்ட காடுகளில் வளரும் மரத்திலிருந்து வடிவது. இந்தியக் காட்டுப் பிசின் அயல்நாட்டு நோயாளிகளின் தோலைக் காத்த காலத்தில் இந்திய நோயாளிகள் பலர் பழந்துணியையும் பஞ்சையும் கட்டிக்கொண்டிருந்தனர். டர்ன்புல்லிடம் அறுவை செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்மணி 1958 முதல் அவரோடு சேர்ந்து மற்ற நோயாளிகளுக்குப் பராமரிப்பு கற்றுக்கொடுத்தார். குடல்வாய்ப் பராமரிப்பு ஒரு தனிச் செவிலியர் துறையானது இவ்வாறே. இந்தியாவில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையைச் சார்ந்து இத்துறையும், குடல்வாய் உள்ளவர்களின் சங்கமும் வளர்ந்தன.

பைக்குள் இருந்து கற்ற பாடம்

பெருங்குடல் இல்லாமல் மனிதன் வாழ முடியும் என்று ஆனபின், நுண்ணுயிர்கள் என்ன ஆகின்றன என்ற கேள்வி எழுந்தது. 1967 இல் ஷெர்வுட் கோர்பாக்கும் உடன் பணியாற்றியவர்களும் இலியோஸ்டமிப் பையில் சேரும் நீர்மத்தின் நுண்ணுயிர்களை ஆராய்ந்தனர். அது சாதாரணச் சிறுகுடலின் கூட்டமும் அன்று, மலத்தின் கூட்டமும் அன்று. இடைப்பட்ட, தனித்தன்மை கொண்ட ஒரு கூட்டம். நல்வாழ்வு வாழும் இலியோஸ்டமிக்காரருக்குத் தமக்கென ஒரு நுண்ணுயிர் உலகம் அமைந்துவிடுகிறது என்பது அதன் பொருள். இதே கோர்பாக் பின்னர் பாரி கோல்டினுடன் சேர்ந்து 1980களில் பிரித்தெடுத்த லாக்டோபேசில்லஸ் வகைதான், இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் தாங்கி எல்ஜிஜி என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படுகிறது. குடல்வாய் ஆய்வும் புரோபயாட்டிக் வணிகமும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்தித்த இடம் இது.

தமிழகத்திலும் இத்துறையில் அடிப்படையான வேலை நடந்திருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கர், மாத்தன் ஆகியோர் வழிநடத்திய ஆய்வுப் பிரிவு, தென்னிந்தியக் கிராம மக்களின் குடலை 1960களிலிருந்தே ஆராய்ந்தது. நோய் எதுவும் இல்லாத தென்னிந்தியரின் சிறுகுடலிலும் கணிசமான நுண்ணுயிர்கள் இருப்பதை 1972 இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. மேலைநாட்டவரின் குடலை அளவுகோலாகக் கொண்டு நம்மவர் குடலை அளந்தால் நலமாக இருப்பவரும் நோயாளியாகத் தெரிவார்.

இலியோஸ்டமி உள்ளவர்கள் அறிவியலுக்குச் செய்த மற்றோர் உதவியும் உண்டு. 1980களில் கேம்பிரிட்ஜில் இங்லிஸ்ட், கம்மிங்ஸ் ஆகிய இருவரும், இலியோஸ்டமி உள்ள தன்னார்வலர்களுக்கு அளந்து உணவு கொடுத்து, பையில் வருவதை அளந்தனர். சாதாரணமாகச் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குள் போய்விடும் பொருளைப் பார்க்க வேறு நேர் வழி இல்லை. சமைத்த உருளைக்கிழங்கைச் சூடாகத் தின்றபோது மிகச் சிறிதளவு மாவுச்சத்தே பையில் வந்தது. ஆறவைத்துத் தின்றபோது அது பல மடங்கு கூடியது. சமைத்த மாவு ஆறும்போது அதன் மூலக்கூறுகள் மீண்டும் இறுகிக்கொள்கின்றன. நொதிகளால் அவற்றை எளிதில் உடைக்க முடிவதில்லை. இதற்குச் செரியா மாவுச்சத்து என்று பெயர். ஆறிய சோற்றுக்கும் இது பொருந்தும். பழைய சோற்றைப் பற்றி இன்று பெருமையாகப் பேசப்படும் ஒரு பண்பு இவ்வாறு பைகளிலிருந்தே அறியப்பட்டது.

செரியா மாவுச்சத்து யாருக்கு உணவு? பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கு. அவை அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு இரத்தம் கொண்டுவரும் சர்க்கரையைவிட இந்தப் பியூட்டிரேட்டே முதன்மையான எரிபொருள் என்று ரோடிகர் 1980 இல் காட்டினார். இதைப் பின்பற்றி வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், வாந்திபேதி நோயாளிகள் 48 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உப்புச்சர்க்கரைக் கரைசலுடன் செரியா மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குப் பேதியின் அளவும் நாளும் குறைந்தன. பெருங்குடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய அமிலங்கள் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவின என்பதே விளக்கம். மெச்னிகாவ் தேவையற்றது என்று ஒதுக்கிய உறுப்பு, அதில் வாழும் கிருமிகளின் துணையோடு உயிர் காக்கிறது.

ஆனால் இலியோஸ்டமி உள்ளவரிடம் அந்தப் பெருங்குடல் பயன்பாட்டில் இல்லை. செரியா மாவு நேரே பையில் வந்துவிடும். வாந்திபேதி நோயாளிக்குக் கிடைத்த பயன் இவருக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கொலோஸ்டமி உள்ளவருக்கு நிலைமை வேறு. பெரும்பாலும் பெருங்குடலின் இடப்பக்கத்தில் குடல்வாய் அமைவதால், அதற்கு முந்தைய நீண்ட பகுதி முன்போலவே வேலை செய்யும். நுண்ணுயிர்களும் அங்கே இருக்கும்.

தற்காலிகக் குடல்வாய் வைத்தவர்களுக்கு இன்னொரு நிலையும் உண்டு. மலம் செல்லாமல் கீழே சும்மா கிடக்கும் பெருங்குடற்பகுதி சிலருக்கு அழற்சி அடைந்து, சளியும் இரத்தமும் ஆசனவாய் வழியே வரும். 1981 இல் கிளாட்சர் குழுவினர் இதைத் தனி நோயாக விவரித்தனர். 1989 இல் ஹாரிக் குழுவினர் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலக் கரைசலை அப்பகுதிக்குள் செலுத்தியபோது அழற்சி தணிந்தது. நுண்ணுயிர்கள் ஊட்டிவந்த உணவு நின்றுபோனதே குறை. குடலை மீண்டும் இணைத்தபின் பெரும்பாலும் இது தானே சரியாகிவிடுகிறது.

புரோபயாட்டிக் வென்ற ஓர் இடம்

1978 இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் பார்க்ஸ், நிக்கல்ஸ் இருவரும் ஒரு புதிய அறுவையை வெளியிட்டனர். பெருங்குடல் முழுவதும் நீக்கப்பட்ட நோயாளிக்குச் சிறுகுடலின் கடைப்பகுதியையே மடித்துத் தைத்து ஓர் உட்பை ஆக்கி, ஆசனவாயோடு இணைப்பது அது. தையல் ஆறும்வரை சில மாதங்கள் இலியோஸ்டமி இருக்கும், பிறகு மூடப்படும். வெளிப்பை வேண்டாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் அந்த உட்பை பலருக்கு அடிக்கடி அழற்சி அடைந்தது.

இத்தாலியின் பொலோனியாவில் ஜியான்கெட்டி குழுவினர் எட்டு வகை நுண்ணுயிர்கள் கலந்த, விஎஸ்எல் 3 என்ற தூளைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். 2000 இல் வெளியான ஆய்வில், அழற்சி திரும்பத் திரும்ப வந்த 40 பேர் மருந்தால் குணமான பின் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒன்பது மாதங்களில், வெற்றுத்தூள் உண்ட 20 பேருக்கும் நோய் திரும்பியது. நுண்ணுயிர்த் தூள் உண்ட 20 பேரில் மூவருக்கு மட்டுமே திரும்பியது. தூளை நிறுத்தியதும் மற்றவர்களுக்கும் நான்கு மாதங்களுக்குள் நோய் வந்துவிட்டது. 2003 இல் வெளியான இரண்டாம் ஆய்வில், இலியோஸ்டமியை மூடிய உடனேயே தூளைத் தொடங்கினர். முதல் ஆண்டில் தூள் உண்ட 20 பேரில் 2 பேருக்கும், உண்ணாத 20 பேரில் 8 பேருக்கும் அழற்சி வந்தது.

குடல்வாய் அறுவையோடு தொடர்புடைய புரோபயாட்டிக் சான்றுகளில் இவை வலுவானவை. ஆனாலும் எண்ணிக்கை சிறிது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 2005 இல் கிளீவ்லாந்து மருத்துவர்கள் தம்மிடம் இதே தூளைத் தொடங்கிய 31 பேரைப் பின்தொடர்ந்தபோது, எட்டு மாதங்களுக்குப் பின் 6 பேரே அதைத் தொடர்ந்தனர். மற்றவர்கள் நோய் திரும்பியதாலோ ஒத்துக்கொள்ளாததாலோ விட்டுவிட்டனர். 2020 இல் அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலில், குடல் நோய்களில் மிகச் சிலவற்றுக்கே புரோபயாட்டிக் பரிந்துரைக்கப்பட்டது. உட்பை அழற்சி அவற்றுள் ஒன்று. அதுவும் எட்டு வகைக் கலவைக்கு மட்டும். கடையில் கிடைக்கும் எந்தக் குப்பிக்கும் அந்தச் சான்று பொருந்தாது.

தீங்கு நேர்ந்த இடமும் உண்டு. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி கொண்ட 296 பேரிடம் நடந்த ஆய்வு 2008 இல் வெளியானது. குடற்குழாய் வழியே புரோபயாட்டிக் பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தனர்; பெறாத 144 பேரில் 9 பேரே இறந்தனர். பெற்றவர்களில் ஒன்பது பேருக்குக் குடலில் இரத்த ஓட்டம் குன்றியது. அவர்கள் குடல்வாய் நோயாளிகள் அல்லர், மிகவும் மோசமான நிலையில் இருந்தவர்கள். எனினும் "நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாது" என்ற வழக்கமான பேச்சு அன்றோடு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். புற்றுநோய்க்கு வேதிமருந்து ஏற்றிக்கொள்பவர், பெரிய இரத்தக் குழாயில் ஊசிக்குழாய் பொருத்தப்பட்டவர் ஆகியோருக்கு இந்த நுண்ணுயிர்களே இரத்தத்தில் பரவிய நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

பள்ளத்தாக்கின் பானை

கம்பம் பள்ளத்தாக்கு நெல் விளையும் நிலம். 1895 இல் பெரியாறு அணை முடிந்து மலையைக் குடைந்து தண்ணீர் கிழக்கே வந்தபின், லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. மேட்டுப் பக்கங்களில் கம்பும் சோளமும். வயலுக்குப் போகுமுன் நீராகாரமோ கம்பங்கூழோ குடிப்பது உழைப்பவர் வழக்கம். இரவு மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்பானையில் வைத்தால், விடிவதற்குள் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகி லேசாகப் புளிக்கும். அதைச் சமைக்காமல் அப்படியே உண்பதால் நுண்ணுயிர்கள் உயிரோடு வயிற்றுக்குள் செல்கின்றன. இட்லியும் புளித்த மாவில் செய்ததே. ஆனால் ஆவியில் வேகும்போது நுண்ணுயிர்கள் இறந்துவிடுவதால் அதைப் புரோபயாட்டிக் என்று சொல்வது பொருந்தாது. எளிதில் செரிக்கும் உணவு என்ற அளவில் அதற்குத் தனிச் சிறப்பு உண்டு.

அறிவியல் வரையறைப்படி நீராகாரமும் வீட்டுத் தயிரும்கூட முழுப் பொருளில் புரோபயாட்டிக் ஆகா. 2001 இல் உலக உணவு, நலவாழ்வு அமைப்புகள் கூட்டாகச் சொன்ன வரையறை, போதிய அளவில் கொடுத்தால் நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிர் என்பது. எந்த வகை, எவ்வளவு, என்ன நலம் என்று காட்டப்பட வேண்டும். 2011 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட நெறிமுறைகளும் இதையே கேட்கின்றன. பானைக்குப் பானை மாறும் நீராகாரத்தில் அந்தக் கணக்கு இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் இரைப்பைக் குடல் அறுவைத் துறை, குடல் அழற்சி நோயாளிகளிடம் பழைய சோற்றின் பயனை முறையாக ஆராய முன்வந்ததும், மாநில அரசு அதற்கு நிதி வழங்கியதும் இக்குறையைப் போக்கும் முயற்சிகளே.

இலியோஸ்டமியுடன் வீடு திரும்பியவருக்கு நீராகாரத்தின் பெரிய மதிப்பு கிருமியில் இல்லை. அதில் போடும் உப்பிலும் கரைந்திருக்கும் மாவிலும் இருக்கிறது. பெருங்குடல் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீரை மீட்டுக் கொடுக்கும் உறுப்பு. அது இல்லாதபோது நீரும் உப்பும் பையோடு போய்விடுகின்றன. தாகம் எடுக்கிறதென்று வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால், அது குடலுக்குள் மேலும் உப்பை இழுத்து வெளியேற்றும். பை நிறையும், உடல் வாடும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து இருந்தால்தான் குடற்சுவர் இரண்டையும் ஒன்றாக உறிஞ்சும் என்று 1960 இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். 1971 இல் வங்க அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலால் ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். சர்க்கரைக்குப் பதில் அரிசி மாவையும் பயன்படுத்தலாம் என்பதைப் பின்னர் வங்கதேச ஆய்வுகள் காட்டின. உப்பிட்ட அரிசிக் கஞ்சி பாட்டி வைத்தியமாக இருந்து மருத்துவமானது இப்படித்தான்.

பை அளவுக்கு மீறி நிறைபவர்களுக்கு நீராகாரத்தின் கைப்பிடி உப்புக் கணக்கு போதாது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கரைசல் அளவு உலகெங்கும் பின்பற்றப்படுகிறது: ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இதைக் குடிக்க வேண்டும்.

நீராகாரம் குடிக்க விரும்புபவருக்கு மருத்துவர் இசைவு கிடைத்தால், காய்ச்சி ஆறிய நீரை ஊற்றிச் சுத்தமான பானையில் வைப்பது முதல் நிபந்தனை. வெந்த சோற்றை வெப்பமான அறையில் நெடுநேரம் வெறுமனே விட்டால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து வாந்தியும் பேதியும் வரவழைக்கும். புளித்த எல்லாமே நல்ல கிருமி அன்று. வேதிமருந்துச் சிகிச்சையில் இருப்பவருக்கு அப்போதே சமைத்த கஞ்சியே நல்லது. உடன் கடிக்கும் பச்சைச் சின்ன வெங்காயம் பையில் வாயுவையும் நாற்றத்தையும் கூட்டும் என்பதால் முதல் வாரங்களில் தவிர்ப்பார்கள். பள்ளத்தாக்கில் தாராளமாகக் கிடைக்கும் வாழைப்பழம் கழிவைச் சற்று இறுக்கும். திராட்சையின் தோலும் விதையும், தேங்காய்ச் சக்கையும், முருங்கைக்காய் நாரும் புதிய இலியோஸ்டமியில் அடைத்துக்கொள்ளக் கூடியவை. முதல் ஆறு வாரங்களேனும் விலக்குமாறு செவிலியர்கள் சொல்வார்கள்.

பையில் சேர்வதை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துக் குறித்துவைப்பது எந்தக் குப்பி மருந்தையும்விடப் பயனுள்ளது. நிலைபெற்ற இலியோஸ்டமியில் நாளொன்றுக்கு 500 முதல் 800 மில்லி வரை வருவது இயல்பு. ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ, சிறுநீர் குறைந்து தலை சுற்றினாலோ, பல மணி நேரம் எதுவும் வராமல் வயிறு உப்பி வலித்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.